ஆறாவது வித்தியாசம்

அருளு,

இந்த இரண்டு பக்கத்தில் ஒவ்வொரு இதழிலும் நான் வாசகர்களுக்கு எழுதுவேன். புத்தகம் ஏன் தாமதம், அடுத்து என்ன கதை, நடுப்பக்கம் ஏன் பிய்ந்து வருகிறது என்று காமிக்ஸ் படிக்கிறவர்களிடம் நான் திட்டு வாங்கும் இடம் இது. இந்த முறை உனக்கு எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். உனக்கு நான் செய்த தப்பை இதே இடத்தில்தான் அச்சடித்தேன். அதற்கு வாட்ஸ்அப்பில் தனியாக ஒரு 'சாரி' அனுப்பி முடித்துக்கொள்வது கோழைத்தனம்.

நீ சிங்கப்பூருக்கு வெல்டிங் வேலைக்குப் போய் இருபத்தாறு நாள் ஆகிறது. சாயங்காலம் திருவாண்டார்கோயில் கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கிறது. நீலச் சட்டை போட்ட பிள்ளைகள் இறங்குகிறார்கள். நீ அந்தச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போனாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். அஞ்சாறு பேர் இறங்கியதும் பஸ் போய்விடுகிறது. அதன்பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எந்த வேலையும் ஓடுவதில்லை. கையில் இருக்கும் பக்கத்தில் பேச்சு பலூன் பாதி வசனத்தோடு நின்றுவிடும். நேற்று ஒரு பலூனில் போலீஸ்காரன் பேச வேண்டியதைத் திருடன் வாயில் எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழித்தேன்.

நீ கிளம்பிய அன்றைக்கு அப்பாவின் லோடு வண்டியில் முன் சீட்டில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து போனோமே, மூலக்குளத்தில் டிராபிக் நின்றது. அந்த ரோட்டையும் அங்கே வீடு கட்டுகிறவர்களையும் நான் திட்டாத நாள் கிடையாது. அன்றைக்கு மட்டும் அந்த நெரிசல் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்பா ஹாரன் அடித்தார். "அடிக்காத, அவங்க மட்டும் இன்னா பறந்தா போவாங்க" என்றேன். அப்போதுதான் நீ, முன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே, சம்பந்தமே இல்லாமல் கேட்டாய்.

"எம்மா, அந்த ஆறு வித்தியாசம் படம் இன்னும் கீதா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "எதுடா?"

"எலிப்படை. மொத புக்கு. நான் வரஞ்சது."

"கீதுடா. எங்க போவப்போவுது."

"நீ ஆறாவத கண்டே புடிக்கல இல்ல?" என்று சிரித்தாய்.

"கண்டுபுடிச்சேனே. நான்தான விடை போட்டேன்" என்றேன்.

வண்டி நகர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பையைத் தூக்கினாய், அப்பா கையிலிருந்து நான் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை வாங்கினாய், "வரேம்மா" என்றாய். பதிமூன்று வருஷமாக நீ பேசாத ஒரு விஷயத்தைப் பேசினாய், நான் பொய் சொன்னேன். பொய் என்றுகூட எனக்கு அப்போது தெரியாது.

நான் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தேன் என்று உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பத்தொன்பது வயதில் ஒரு பிரஸ்ஸில் சேர்ந்தேன். வெளிநாட்டு காமிக்ஸைத் தமிழில் பாக்கெட் சைஸில் போடுவார்கள். அவர்கள் பக்கம் பெரிது, நம்முடையது சின்னது. கட்டம் கட்டமாக வெட்டி, வேறு மாதிரி அடுக்கி ஒட்டி, இடைவெளி வந்தால் அங்கே வானத்தையும் மலையையும் நாமே வரைந்து நிரப்ப வேண்டும். இன்னொரு வேலையும் இருந்தது. கதையில் வரும் வெள்ளைக்காரிகள் துணி குறைச்சலாகப் போட்டிருப்பார்கள். கறுப்பு மையில் அவர்களுக்குக் கழுத்து வரை ரவிக்கை வரைய வேண்டும். கரும்பு வெட்டிவிட்டு வந்த உன் பெரியம்மா, "இன்னாடி, படிச்சிட்டு டைலர் வேலைக்கா போற?" என்று தெருவே சிரிக்கும்படி கேட்டாள். நல்ல டைலர்தான் நான். ஒருத்தியும் குறை சொன்னதில்லை.

வெட்டவும் மறைக்கவும் நிரப்பவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். அந்த பிரஸ்ஸில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் "வில்லியனூர்" என்பேன். வில்லியனூருக்குள் இல்லை நம் ஊர், அது உனக்குத் தெரியும். வில்லியனூரில் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வரும் முன்னால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். பதினைந்து வருஷம் அங்கே தண்ணீர் குடித்தே ஓட்டினேன். அங்கே சிங்கப்பூரிலும் கேட்பார்கள். தமிழ் ஆட்கள்தான் கேட்பார்கள், வேறு யாருக்கும் அந்தக் கேள்வி தெரியாது. ஒரே ரூமில் அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒருத்தன், "பாண்டில எங்க? ஊரா, காலனியா?" என்பான். நீ எழுந்து போய்த் தண்ணீர் குடிக்காதே. காலனி என்று சொல்லு. அவன் முகம் மாறினால் அது அவன் முகத்தின் பிரச்சினை.

எலிப்படை நான் சொந்தமாகப் போட்ட முதல் புத்தகம். பிரஸ்ஸை மூடியபோது அங்கிருந்த, அடியில் விளக்கு வைத்துப் படம் நகலெடுக்கும் கண்ணாடி மேசையைக் கேட்டு வாங்கி வந்து நம் வீட்டு முன்னறையில் போட்டேன். குதிரையில் வருகிறவனுக்கும் ரவிக்கை இல்லாதவளுக்கும் போதும் போதும் என்கிற அளவுக்குத் தமிழ் கொடுத்தாயிற்று, இனி நம் பிள்ளைகளை வைத்துக் கதை போடுவது என்று முடிவு. வரப்பில் எலிப் பொந்துக்குப் புகை போடும் நாலு காலனிப் பிள்ளைகள், ஊரில் காணாமல் போகும் பொருளையெல்லாம் கண்டுபிடிப்பார்கள். அதில் தலைவன் நீதான். உன் முன்பல், உன் காது, உன் டவுசர். பிரஸ்ஸில் என்னோடு இருந்த ஓவியர் மணி அண்ணன் வரைந்தார். அவருக்கு முன்னால் நீ கைகட்டி நின்றதும், "பொம்மையாட்டம் நிக்காதடா, மூச்சாவது வுடு" என்று அவர் கத்தியதும் நினைவிருக்கிறதா?

அந்தக் கோடையில்தான் மோட்டார் கொட்டகை விஷயம் நடந்தது. உனக்குப் பத்து வயது. கரும்புத் தோட்டத்து மோட்டாரில் தண்ணீர் ஓடியது. உன் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் தொட்டியில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நீயும் குதித்தாய். நிலத்துக்காரர் வந்தார். அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை, உன்னை மட்டும் பார்த்து, "அதே தண்ணிதானடா, கீழ வாய்க்கால்ல போய்க் குளி" என்றார். நீ இறங்கி வாய்க்காலில் கணுக்கால் தண்ணீரில் நின்றாய். ஈரத்தோடு வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாய்: "அதே தண்ணின்னா அவங்க ஏம்மா வாய்க்கால்ல குளிக்கல?"

நிலத்துக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேனா? இல்லை. அப்பா அவருக்குத்தான் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்தார். நான் செய்தது ஒன்றே ஒன்று. மணி அண்ணனிடம் சொல்லி, அதை அப்படியே பதினேழாம் பக்கமாக வரைய வைத்தேன். அஞ்சு கட்டம். முதல் கட்டத்தில் தொட்டியில் நாலு தலை, வாய்க்காலில் நீ. கடைசிக் கட்டத்தில் உன் கேள்வி மட்டும், பெரிய பலூனில். அந்த பலூனில் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை மை ஏற்றி எழுதினேன். இதை எழுதத்தான் இத்தனை வருஷம் வெள்ளைக்காரனுக்கு வசனம் எழுதிப் பழகினோம் என்று இருந்தது. நீ அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நான் கேட்டது அப்டியே வருமா?" என்றாய். வரும் என்றேன்.

வரவில்லை. பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் எடுக்கும் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் எடுத்தால்தான் அடுத்த புத்தகம் என்கிற நிலைமை. கண்ணாடி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் பார்த்தார். "கதை நல்லா இருக்குமா. இந்த ஒரு பக்கம் வேணாம்" என்றார். "நான் அதெல்லாம் பாக்கறவன் இல்ல, உங்க வூட்ல டீ குடிச்சினுதான கீறேன். ஆனா பசங்க மனசுல எதுக்கும்மா வெஷம்?" என் வீட்டில் டீ குடிப்பதை எனக்குச் செய்யும் உதவியாகச் சொல்கிற ஆள், விஷத்தை உன் கேள்வியில் கண்டுபிடித்தார். நான் அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கியிருக்க வேண்டும். "எடுத்துடறேன் சார்" என்றேன். அந்த 'சார்' இன்னும் என் வாயில் கசக்கிறது.

ஒரு பக்கத்தை எடுத்தால் அந்த இடம் காலியாக நிற்க முடியாது. பதினாறு பக்கம் சேர்ந்து ஒரே தாளில் அச்சாகி மடியும், அதற்கு ஃபாரம் என்று பெயர். முதல் ஃபாரம் ஏற்கெனவே அச்சாகி மடித்து வந்துவிட்டது. இரண்டாவது மறுநாள் ஏற வேண்டும். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைத்தாக வேண்டும். எனக்குத்தான் வெட்டவும் நிரப்பவும் தெரியுமே. பதினேழாம் பக்கத்தின் முதல் கட்டத்தை மட்டும் கத்தரித்தேன், அதிலிருந்த பலூனை வெள்ளை மையில் அழித்தேன். பேச்சு இல்லாவிட்டால் அது வெறும் பிள்ளைகள் குளிக்கும் படம். மிச்ச நாலு கட்டமும் குப்பைக்குப் போனது. அப்புறம் உன்னைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் கொடுத்து, "இத பாத்து இன்னொண்ணு வரைடா, ஆறு எடம் மாத்தி. வெளையாட்டுப் பக்கம் போடறோம்" என்றேன். எதற்காக என்று சொல்லவில்லை. உன் பக்கத்தை மூடுவதற்கான மூடியை உன்னையே செய்ய வைத்தேன்.

"எங்கங்க மாத்தணும்?" என்று கேட்டாய்.

"உன் இஷ்டம்" என்றேன்.

நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு முழு மதியமும் வரைந்தாய். முடித்துவிட்டு, "ஆறும் கண்டுபுடி பாக்கலாம்" என்று என் பின்னாலேயே நின்றாய். கிணற்றுக் கயிறு, நாய் வால், கொட்டகைத் தாழ்ப்பாள், தென்னையில் ஒரு குலை கம்மி, வாய்க்காலில் பையன் இல்லை. அஞ்சு கண்டுபிடித்துவிட்டேன். பிரஸ்ஸிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. கொட்டகை மேல் ஒரு காக்கா இருந்தது, உன் படத்தில் இல்லை, அதை ஆறாவதாக எழுதி விடையைத் தலைகீழாகப் போட்டு அனுப்பிவிட்டேன். வாய்க்காலில் பையன் இல்லை என்று என் கையால் எழுதினேன் அருளு. அவன் எங்கே போனான் என்று தேடவில்லை.

புத்தகம் வந்த அன்று நீ நேராகப் பதினேழாம் பக்கத்தைத் திருப்பினாய். "என் கத எங்கம்மா?" என்றாய். "அதுக்கு பதிலாத்தான் உன் படமே வந்துகீதே, இன்னும் இன்னா வேணும் தொரைக்கு?" என்றேன். கேலி செய்தால் மறந்துவிடுவாய் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் திருக்கனூரிலிருந்து ஒரு சிறுமி அஞ்சலட்டை போட்டாள். 'படத்தில் ஏழு வித்தியாசம் இருக்கிறது. தொட்டியில் ஒருவர் அதிகம். நீங்கள் விடையில் போடவில்லை' என்று. நான் படத்தை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த புத்தகத்தில், இந்த இடத்தில், பெரிய மனுஷி மாதிரி இரண்டு வரி எழுதினேன்: 'ஆறுதான் சரி. தொட்டியில் அதிகமாகத் தெரிவது படம் வரைந்த சிறுவனின் கைப்பிழை. மன்னிக்கவும்.'

இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. உன்னை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வண்டியில் நடுவில் நீ உட்கார்ந்த இடம் காலியாக இருந்தது. நான் நகர்ந்து உட்காரவில்லை, அப்பாவும் நகரச் சொல்லவில்லை. ரொம்ப தூரம் வந்த பிறகு அவர் சொன்னார்.

"அன்னிக்கி எனக்குப் படிச்சிக் காட்டனான்டி. உன் பக்கத்த எப்பவும் அவன்தான எனக்குப் படிப்பான். கைப்பிழைன்னு வந்திச்சா, அங்க நிறுத்திட்டான். மேல படிடான்னேன். அவ்ளோதான்பான்னு மூடிட்டான்."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீ எழுதனது. உனக்குத் தெரியாமயா எழுதிருப்பன்னு நெனச்சேன்."

வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டிகளை எல்லாம் இறக்கினேன். புத்தகம் உடனே கிடைத்தது. நீ வரைந்த அசல் தாள் கடைசிப் பெட்டியில் பழைய விலைப்பட்டியல்களுக்கு நடுவில் இருந்தது. தொட்டி விளிம்பில் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மூன்றாவது தலைக்கும் நாலாவது தலைக்கும் நடுவில், முடியும் கண்ணும் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு காது துருத்திக்கொண்டு, அஞ்சாவது. வாய்க்காலில் ரப்பர் தேய்த்த தடம் இன்னும் தெரிகிறது. முதலில் மணி அண்ணன் வரைந்த மாதிரியே உன்னை வாய்க்காலில் வரைந்திருக்கிறாய். அப்புறம் அழித்திருக்கிறாய். காகிதம் கிழியும் அளவுக்குத் தேய்த்திருக்கிறாய். கைப்பிழைக்கு யாராவது அவ்வளவு தேய்ப்பார்களா?

நிலத்துக்காரர் உன்னைத் தொட்டியிலிருந்து இறக்கினார். ஏஜென்ட் உன்னைப் புத்தகத்திலிருந்து இறக்கினார். யாரையும் கேட்காமல், யாரிடமும் சண்டை போடாமல், பத்து வயதில் நீயே ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டாய். உன்னைப் பிழை என்று சொல்லி மூன்றாவது முறை இறக்கியது நான். மற்ற இரண்டு பேரையும் நான் ஊர் ஊராகப் புத்தகக் கண்காட்சி மேடைகளில் திட்டியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

அதற்கப்புறம் நீ வரையவில்லை. பிள்ளைகளுக்கு வயசு ஆனால் ஆர்வம் மாறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெல்டிங் படித்தாய், கம்பெனிக்குப் போனாய், ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே அனுப்பினார்கள், மறுபடி சேர்த்தார்கள், மறுபடி அனுப்பினார்கள். அவர்களையும் திட்டினேன். பிறரைத் திட்டுவதில் எனக்குக் குறையே கிடையாது. நீ வீட்டில் இருந்த இத்தனை வருஷமும், என் பின்னால் நின்றுகொண்டு "ஆறும் கண்டுபுடி" என்று சொன்ன அந்தப் பையனைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது புரிகிறது. நீ எதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோதும் தேடினேன். சிங்கப்பூர் தூரம் கம்மி. போன் போட்டால் முகம் தெரிகிறது. பின்னால் நின்ற அந்தப் பையன்தான் ரொம்ப தூரம்.

எலிப்படை முதல் புத்தகத்தை மறுபடி அச்சடிக்கப் போகிறோம். மணி அண்ணனுக்கு இப்போது கை நடுக்கம், பதினேழாம் பக்கத்தைத் திரும்ப வரைய அவரால் முடியாது. முடிந்தாலும் வேண்டாம். அந்தப் பக்கம் முழுவதும் நீ வரைந்த படம் மட்டும் பெரிதாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பக்கத்தில் இன்னொரு படம் கிடையாது, கண்டுபிடிக்கச் சொல்லிக் கேள்வி கிடையாது. ரப்பர் தடமும் அப்படியே வரும். அன்றைக்கு உன்னிடம் சொல்லாமல் செய்தேன். இப்போது கேட்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லு, எனக்குக் கோபம் வராது. சரி என்றால், ஓரத்தில் போட ஒரு கையெழுத்து அனுப்பு. அன்றைக்கு உன் பெயரைக்கூடப் போடவில்லை நான். உன் பதில் வரும்வரை இரண்டாவது ஃபாரம் ஏறாது. ஏஜென்டுகள் காத்திருக்கட்டும்.

தோள்பட்டை வலி இருந்தால் மறைக்காதே. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் நெருப்புப் பக்கம் போகாதே. ஞாயிற்றுக்கிழமை எங்காவது தண்ணீர் இருந்தால் போய்க் குளி. நன்றாக ஆழமான இடமாகப் பார்த்து இறங்கு, யாரையும் கேட்காதே.

மற்ற வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. குறிப்பாக, அந்தத் திருக்கனூர்ப் பெண்ணுக்கு. இப்போது அவளும் வளர்ந்திருப்பாள். எங்கிருந்தாலும் இதைப் பார்க்கட்டும்.

திருத்தம்: எலிப்படை, முதல் புத்தகம், பக்கம் 17. 'ஆறு வித்தியாசங்கள்' விடையில் ஆறாவதாகக் கொடுத்தது தவறு. காகம் விட்டுப்போனதுதான் கைப்பிழை. சரியான ஆறாவது விடை: தொட்டியில் ஐந்து பேர் இருக்கிறார்கள். படம் வரைந்தவர் அருள், வயது பத்து.